பம்புக்கு பிரஷர் டேங்க் மாட்டுறது: கவுன்ட்டர்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் பினாங்குல ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில கவுன்ட்டர்ல நிக்கிற ஆளு. பிளம்பர் இல்ல, ஆனா பிளம்பருங்க கூடவே பன்னெண்டு வருஷம் டீ குடிச்சாச்சு. வாரத்துக்கு நாலு பேராவது வந்து அதே கேள்வியைக் கேக்கறாங்க, நானும் ரசீது பின்னாடி அதே படத்தை வரைஞ்சு குடுக்கறேன். கை வலிக்குது, அதான் எழுதி வச்சுட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணே, இந்த பிரஷர் டேங்கும் கூரையில இருக்கிற தண்ணி டேங்கியும் ஒண்ணுதானா?

இல்ல. கூரை டேங்கி தண்ணிய சேத்து வைக்கிறதுக்கு, அவ்வளவுதான். பிரஷர் டேங்க்ங்கிறது மூடின இரும்புக் குடம், உள்ள ஒரு ரப்பர் பை இருக்கும். பைக்குள்ள தண்ணி போகும், பைக்கும் இரும்புக்கும் நடுவுல காத்து அடைச்சிருக்கும். பம்ப் ஓடும்போது பை வீங்கும், சுத்தி இருக்கிற காத்து நசுங்கும். பம்ப் நின்னதுக்கப்புறம் குழாயத் திறந்தா நசுங்கின காத்து பைய அமுக்கி தண்ணிய வெளிய தள்ளும். பலூனை ரெண்டு கையால அமுக்குற மாதிரிதான், வேற மாயம் ஒண்ணும் இல்ல.

கீழ நெறைய தடவ வரப்போற கணக்கு ரெண்டு இருக்கு, இப்பவே சொல்லிடுறேன். பார், பிஎஸ்ஐ ரெண்டும் அழுத்தத்த அளக்கிற அளவு, 1 பார்ங்கிறது 14.5 பிஎஸ்ஐ. தண்ணி 10 மீட்டர் உயரத்துல நின்னா கீழ கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். நம்ம ரெண்டு மாடி தெராஸ் வீட்டுல மேல்மாடி ஷவருக்கும் கூரை டேங்கிக்கும் நடுவுல 2 மீட்டர்கூட இருக்காது, அப்போ வர்றது 0.2 பார். அதான் மேல குளிக்கிறப்ப தண்ணி அழுத மாதிரி வடியுது, கீழ கிச்சன்ல மட்டும் நல்லா வருது.

டேங்க் போட்டா பிரஷர் ஏறுமா?

ஏறாது. இத நம்பித்தான் பாதி பேர் வாங்குறாங்க, அப்புறம் வந்து என்கிட்ட சண்ட போடுறாங்க. பிரஷர் குடுக்கிறது பம்ப். டேங்க் செய்யிற வேலை ஒண்ணே ஒண்ணு, பம்புக்கு ஓய்வு குடுக்கறது.

மோட்டார் ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடியில வழக்கமா இழுக்கிற கரண்ட்டப் போல அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும். ஓடிட்டே இருக்கிறதால மோட்டார் சாகிறத விட, ஸ்டார்ட் ஸ்டாப் ஸ்டார்ட் ஸ்டாப்னு போறதாலதான் கப்பாசிட்டர் போகும், ஸ்விட்ச்சோட காண்டாக்ட் கருகும். டேங்க் இல்லாட்டி ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சாலும் பம்ப் எழுந்து உக்காரணும். டேங்க் இருந்தா அந்த டம்ளரை டேங்கே குடுத்துடும், பம்புக்குத் தெரியவே தெரியாது.

மீட்டர் பக்கத்துலயே மெயின் பைப்புல பம்பும் டேங்கும் மாட்டிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடாதா?

முடிஞ்சிடும், நீங்களும் மாட்டிக்குவீங்க. மெயின் பைப்புலருந்து நேரா பம்ப் வச்சு உறிஞ்சுறது இங்க சட்டப்படி தப்பு, தண்ணி குடுக்கிற கம்பெனி பினாங்குல பிபிஏவா இருந்தாலும் சரி, கேஎல்ல ஆயர் சிலாங்கூரா இருந்தாலும் சரி. சட்டத்த விடுங்க, நீங்க உறிஞ்சினா பக்கத்து வீட்டு ஆன்டிக்கு தண்ணி வராது. அதோட மெயின் பைப்புக்குள்ள அழுத்தம் குறைஞ்சு போச்சுன்னா எங்கயாவது இருக்கிற வெடிப்பு வழியா மண்ணுத் தண்ணி உள்ள வரும், அது எல்லார் வீட்டுக் குழாய்க்கும் போகும்.

முறை இதுதான்: மெயின் தண்ணி கூரை டேங்கிக்கு ஏறட்டும், கூரை டேங்கியிலருந்து இறங்கி வர்ற பைப்புல பம்ப், பம்புக்கு அப்புறம் பிரஷர் டேங்க். கீழ நான் சொல்றது எல்லாமே இந்த அமைப்ப வச்சுத்தான்.

எந்த பம்பா இருந்தாலும் டேங்க் போடலாமா? எங்க வீட்டுல ஏற்கனவே ஒரு சின்ன பம்ப் இருக்கு.

முதல்ல உங்க பம்ப் எதப் பாத்து ஆன் ஆகுதுன்னு பாருங்க, இதுல மூணு வகை இருக்கு. பிரஷர் ஸ்விட்ச் வகைன்னா அழுத்தம் குறைஞ்சா ஆன், ஏறினா ஆஃப். டேங்க் இதுக்குன்னே பொறந்தது, தாராளமா போடலாம்.

ரெண்டாவது ஃப்ளோ ஸ்விட்ச் வகை. தண்ணி ஓடுறதப் பாத்து ஆன் ஆகும், அழுத்தம் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. கூரை டேங்கிக்குப் பக்கத்துல மாட்டுற சின்ன ஷவர் பம்ப் பல இந்த ரகம்தான். இதுக்கு டேங்க் போட்டா பிரயோஜனம் கம்மி, சில சமயம் தொல்லைதான். குழாயத் திறந்ததும் தண்ணி டேங்க்லருந்து வரும், பம்ப் வழியா எதுவும் ஓடாது, அதனால பம்ப் தூங்கிட்டே இருக்கும், டேங்க்ல அழுத்தம் முழுக்க இறங்கி ஷவர் வடிய ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் முழிக்கும். சோப்பு போட்டுட்டு நிக்கிற ஆளுகிட்ட கேளுங்க எப்படி இருக்கும்னு.

மூணாவது இன்வெர்ட்டர் பம்ப், அது தனிக் கதை, கடைசியில சொல்றேன்.

24 லிட்டர் டேங்க்னு போட்டிருக்கு, ஆனா பம்ப் நிறுத்திட்டு பிடிச்சா ஒரு வாளி கூட நிறையல. ஏமாத்திட்டாங்களா பாஸ்?

யாரும் ஏமாத்தல. 24 லிட்டர்ங்கிறது இரும்புக் குடத்தோட மொத்த கொள்ளளவு, அதுல பெரும்பகுதி காத்து. பம்ப் ஆஃப் ஆன நேரத்துலருந்து மறுபடி ஆன் ஆகிற வரைக்கும் எவ்வளவு தண்ணி வருதோ அதுதான் உங்களுக்கு உபயோகப்படுற தண்ணி. பம்ப் 30 பிஎஸ்ஐல ஆன் ஆகி 50ல ஆஃப் ஆகுதுன்னா, காத்தும் சரியா இருந்தா, 24 லிட்டர் டேங்க் குடுக்கிறது 7 லிட்டர்தான். 20-40ல வச்சா 8 லிட்டர் வரும், 40-60ல வச்சா 6 லிட்டர்தான். அழுத்தம் கூடக் கூட டேங்க்ல நிக்கிற தண்ணி குறையும், இது பலருக்கு தலைகீழா தோணும், ஆனா காத்து நசுங்குற கணக்கு அப்படி.

அப்போ எங்க வீட்டுக்கு எத்தன லிட்டர் வாங்கணும்?

புத்தகக் கணக்கு இப்படி: பம்ப் ஒரு தடவ ஆன் ஆனா குறைஞ்சது ஒரு நிமிஷமாவது ஓடணும். உங்க பம்ப் நிமிஷத்துக்கு 30 லிட்டர் தள்ளுதுன்னா டேங்க்லருந்து 30 லிட்டர் வரணும், மேல சொன்ன கணக்குப்படி 100 லிட்டர் டேங்க் வேணும். தெராஸ் வீட்டு பின்பக்கத்துல கேஸ் தோம்பு, வாஷிங் மெஷின், துளசிச் செடி எல்லாத்துக்கும் நடுவுல 100 லிட்டர் டேங்க் எங்க வைக்கிறது.

அதனால நடைமுறையில நான் சொல்றது: நாலஞ்சு பேர் இருக்கிற வீடு, அரை குதிரை சக்தி பம்ப், 24 லிட்டர் போதும். ஒரு ஃப்ளஷ் 6 லிட்டர், 24 லிட்டர் டேங்க் ஒரு ஃப்ளஷ்ஷ பம்ப எழுப்பாமலே கிட்டத்தட்ட முடிச்சிடும். ராத்திரி எல்லாரும் எழுந்து போற வீடுன்னா 50க்கு போங்க, தூங்குறவங்களுக்கு சத்தம் கேக்காது. பம்போடவே ஒட்டி வர்ற 1 லிட்டர் 2 லிட்டர் சின்ன உருண்டை இருக்கே, அது அதிர்ச்சி தாங்குறதுக்கு மட்டும்தான், அத நம்பி பம்ப் ஓய்வெடுக்காது.

ரெண்டு சின்ன டேங்க் போட்டா ஒரு பெரிய டேங்க்குக்கு சமமா?

சமம். ரெண்டையும் ஒரே லைன்ல டீ (T மாதிரி மூணு வழி இணைப்பு) போட்டு இணைங்க, ரெண்டுலயும் காத்து ஒரே அளவு இருக்கணும், அவ்வளவுதான்.

எதுக்கு அப்புறம் எது வரணும்? ஒரு தடவ சரியா சொல்லுங்க, பிளம்பர் ஒண்ணு சொல்றாரு மச்சான் ஒண்ணு சொல்றாரு.

தண்ணி போற வழியில வரிசையா சொல்றேன். கூரை டேங்கியிலருந்து வர்ற பைப், அதுல ஒரு பால் வால்வு (கைப்பிடியத் திருப்பி மூடுறது), அப்புறம் குப்பை பிடிக்கிற ஸ்ட்ரெய்னர், அப்புறம் யூனியன் (திருகிக் கழட்டுற இணைப்பு), அப்புறம் பம்ப். பம்ப்லருந்து வெளிய வந்ததும் இன்னொரு யூனியன், அப்புறம் தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடுற செக் வால்வு, அதுக்கப்புறம் அஞ்சு வழி பித்தளை ஃபிட்டிங். இந்த அஞ்சு வழிதான் எல்லாத்தையும் சுலபமாக்குது: ஒரு பக்கம் பம்ப்லருந்து வர்றது, ஒரு பக்கம் வீட்டுக்குப் போறது, ஒரு பக்கம் டேங்க், மிச்சம் இருக்கிற ரெண்டு சின்ன ஓட்டையில ஒண்ணு பிரஷர் ஸ்விட்ச், ஒண்ணு அழுத்தம் காட்டுற கேஜ். பெரிய வழி மூணும் 1 இன்ச், சின்னது ரெண்டும் கால் இன்ச். வீட்டுக்குப் போற பக்கம் கடைசியா ஒரு பால் வால்வு.

இதுல யூனியன மிச்சம் பிடிக்காதீங்க. யூனியன் இல்லாம பசை போட்டு ஒட்டிட்டா பம்ப் கெட்டுப்போற அன்னிக்கு பைப்ப அறுத்துதான் எடுக்கணும். டேங்க்குக்கும் அஞ்சு வழிக்கும் நடுவுல வளையுற ஹோஸ் போடலாம், 1 இன்ச் ஹோஸ் கேட்டு வாங்குங்க. கைகழுவுற பேசினுக்குப் போடுற மெல்லிசு ஹோஸ போட்டுட்டு வந்தவங்களும் உண்டு, டேங்க்குக்கு தண்ணி மெதுவா போய் ஸ்விட்ச் குழம்பி பம்ப் துடிச்சிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, ஸ்விட்ச் எப்பவும் டேங்க் பக்கத்துலயே இருக்கணும். டேங்க் ஒரு மூலையில ஸ்விட்ச் ஒரு மூலையிலன்னு வச்சா, ஸ்விட்ச் பாக்கிற அழுத்தம் வேற டேங்க்ல இருக்கிறது வேற. பம்புக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல மூடுற வால்வு எதுவும் போடாதீங்க, யாராவது பேரப்பிள்ள அத மூடிட்டா பம்ப் எதிர்ல சுவத்த முட்டுற மாதிரி ஓடிட்டே இருக்கும், தண்ணி உள்ளயே கொதிக்கும், பம்ப் வாய் பிவிசின்னா உருகிடும்.

செக் வால்வு கட்டாயமா? ரெண்டு போட்டா இன்னும் நல்லதா?

கட்டாயம். இல்லாட்டி பம்ப் நின்னதும் டேங்க்ல இருக்கிற தண்ணி பம்ப் வழியா பின்னால கூரை டேங்கிக்கே ஓடிடும், அழுத்தம் இறங்கும், பம்ப் மறுபடி ஆன் ஆகும், விடிய விடிய இதே கூத்து. சில பம்ப்ல உள்ளயே செக் வால்வு வருது, அப்ப வெளிய தனியா வேண்டாம். ரெண்டு போடுறதால நல்லது ஒண்ணும் இல்ல, தண்ணி போக தடைதான் கூடும். வால்வு மேல அம்புக்குறி இருக்கும், அது வீட்டுப் பக்கம் பாக்கணும். சிரிக்காதீங்க, திருப்பி மாட்டிட்டு பம்ப் கெட்டதுன்னு பம்பயே தூக்கிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

டேங்க்ல காத்து எவ்வளவு இருக்கணும்? வாங்கும்போதே அடிச்சுத்தானே வருது?

அடிச்சுத்தான் வருது, ஆனா உங்க வீட்டுக்காக அடிச்சது இல்ல. இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பதில் ஞாபகம் வச்சுக்கணும்னா இத வச்சுக்குங்க. விதி இதுதான்: பம்ப் ஆன் ஆகிற அழுத்தத்தவிட 2 பிஎஸ்ஐ கம்மியா காத்து இருக்கணும். 20ல ஆன் ஆகுதுன்னா 18, 30ல ஆன் ஆகுதுன்னா 28. பல டேங்க் 1.5 பார்னு ஸ்டிக்கர் ஒட்டி வரும், அது 22 பிஎஸ்ஐ. உங்க ஸ்விட்ச் 20-40ன்னா காத்து ஏற்கனவே அதிகம். அதிகமா இருந்தா என்ன ஆகும்னா, பம்ப் ஆன் ஆகிறதுக்கு முன்னாடியே டேங்க் காலியாகிடும், குழாயில தண்ணி ஒரு விக்கல் விக்கி அப்புறம் வரும்.

கம்மியா இருந்தா இன்னும் மோசம். முன்னாடி சொன்ன அதே 24 லிட்டர், அதே 30-50. காத்து 28 இருந்தா 7 லிட்டர் குடுக்கும். 10க்கு இறங்கிட்டா 4 லிட்டர். காத்து சுத்தமா இல்லன்னா ரெண்டரை லிட்டர் கூட தேறாது. டேங்க் அதேதான், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள காத்து போனதால ஒரு பெரிய டேங்க் சின்ன டேங்க் ஆகிடுச்சு. பம்ப் அடிக்கடி ஆன் ஆகுதுன்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நான் விக்கிறது எதுவும் இல்ல, காத்து அடிங்கன்னு திருப்பி அனுப்புறேன், முதலாளிக்குத் தெரிய வேண்டாம்.

எப்படி பாக்கறது, எப்படி அடிக்கறது?

டேங்க் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், திறந்தா மோட்டார் சைக்கிள் டயர்ல இருக்கிற அதே வால்வு. டயர் கேஜ் வச்சு பாக்கலாம், சைக்கிள் பம்ப்லயே அடிக்கலாம்.

ஆனா முதல்ல பம்ப் ஸ்விட்ச்ச அணைங்க, கூரை டேங்கியிலருந்து வர்ற வால்வ மூடுங்க, கீழ ஒரு குழாயத் திறந்து தண்ணி முழுக்க வடிஞ்சு கேஜ் சைபருக்கு வரட்டும், குழாயத் திறந்தே வச்சுக்கிட்டு அப்புறம்தான் காத்து அளக்கணும். என் வீட்டுலயே முதல் தடவ நான் தண்ணிய வடிக்காம அளந்தேன், 35 காட்டுச்சு, ஆஹா காத்து அதிகம்னு இறக்கி விட்டேன், அது காத்தோட அழுத்தம் இல்ல தண்ணியோட அழுத்தம். ரெண்டு வாரம் பம்ப் டொக்கு டொக்குன்னு துடிச்சுது, வீட்டுக்காரம்மா இதத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்களான்னு கேட்டாங்க.

புதுசா மாட்டும்போது ஒரு தடவ, அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்தா போதும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது ஒண்ணு, நடுவுல ஒண்ணு.

பிரஷர் ஸ்விட்ச்ச திறந்தா ரெண்டு நட்டு இருக்கு, எத திருப்பணும்?

முதல்ல கரண்ட்ட அணைங்க, மூடிக்குள்ள இருக்கிறது நேரா 230 வோல்ட். பெரிய ஸ்பிரிங் மேல இருக்கிற நட்டு ஆன் ஆஃப் ரெண்டையும் சேத்து ஏத்தும் இறக்கும். சின்ன ஸ்பிரிங் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய மாத்தும். ஒரு நேரத்துல அரைச் சுத்து, அப்புறம் மூடி போட்டு பம்ப ஓட விட்டு கேஜ பாருங்க. நிறைய ஸ்விட்ச் 1.4 பார் ஆன், 2.8 பார் ஆஃப்னு வருது, அதாவது 20-40. பினாங்குல சாதாரண ரெண்டு மாடி வீட்டுக்கு அதுவே போதும், சும்மா இருக்கிறத நோண்டாதீங்க. நோண்டினீங்கன்னா காத்தையும் மேல சொன்ன விதிப்படி மாத்தணும், அத யாரும் செய்யிறதில்ல.

பிரஷர் கூட்டலாம்னு திருப்பினேன், இப்ப பம்ப் நிக்கவே மாட்டேங்குது லா!

உங்க பம்பால அந்த அழுத்தத்த எட்ட முடியல. பம்ப் மேல தகட்டுல ஹெச் மேக்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், பம்ப் தண்ணிய எவ்வளவு உயரம் தள்ளும்ங்கிறது, அது மீட்டர்ல. 25 மீட்டர்னு போட்டிருந்தா பம்ப் தனியா குடுக்கிறது அதிகபட்சம் 2.5 பார். கூரை டேங்கி பம்ப விட 4 மீட்டர் மேல இருந்தா அது ஒரு 0.4 பார் சேக்கும், மொத்தம் 2.9. நீங்க ஸ்விட்ச்ச 3.2ல ஆஃப் ஆகச் சொன்னா அது எப்படி ஆகும்? பாவம் தண்ணியக் கடைஞ்சுக்கிட்டே நிக்கும். மொத்தத்துலருந்து ஒரு 0.4 கழிச்சு ஆஃப் அழுத்தத்த வைங்க. புது பம்ப்ல சரியா இருந்து ரெண்டு வருஷம் கழிச்சு நிக்காம ஓடுதுன்னாலும் இதேதான், உள்ள தண்ணியத் தள்ளுற சக்கரம் (இம்பெல்லர்) தேஞ்சு பம்ப் கொஞ்சம் பலம் குறைஞ்சிருக்கும்.

குழாயத் திறந்தா பம்ப் டக் டக் டக்னு ஆன் ஆஃப் ஆகுது. டேங்க் ரோசாக் (கெட்டு) ஆயிடுச்சா?

காத்து போயிருக்கும், இல்லாட்டி பை கிழிஞ்சிருக்கும். காத்து வால்வோட நடு ஊசிய நகத்தால அமுக்குங்க. காத்து வந்தா காத்து அடிச்சா சரியாயிடும். தண்ணி வந்தா பை கிழிஞ்சுது. ஒண்ணுமே வரலன்னா காத்து அடிச்சு, மறுநாள் பாருங்க, இறங்கியிருந்தா வால்வு ஊசியிலயோ பைலயோ ஓட்டை.

பை கிழிஞ்சா டேங்க தூக்கிப் போட வேண்டாம். முன்னாடி ஆறு போல்ட் போட்ட தட்டு இருக்கிற ரகம்னா பை மட்டும் தனியா கிடைக்கும், மாத்திடலாம். பழைய பையக் கையில எடுத்துட்டு வாங்க, பார்த்துதான் சைஸ் சொல்ல முடியும். தட்டு இல்லாம ஒட்டின மாதிரி இருக்கிற ரகத்துக்கு வழி இல்ல, புதுசுதான்.

நடு ராத்திரி யாரும் தண்ணி தொடாமலே பம்ப் ஓடுது, அம்மா பேய்ங்கிறாங்க.

பேய் இல்ல, ஒழுகல். வீட்டுக்குப் போற கடைசி பால் வால்வ மூடிட்டு கேஜ அரை மணி நேரம் பாருங்க. முள்ளு இறங்காம நின்னா பம்ப் பக்கம் எல்லாம் நல்லா இருக்கு, ஒழுகுறது வீட்டுக்குள்ள. முள்ளு இறங்கினா செக் வால்வு சரியா மூடல, நடுவுல மணல் மாட்டியிருக்கும், கழட்டி கழுவுங்க.

வீட்டுக்குள்ளன்னா முதல்ல டாய்லட் ஃப்ளஷ்ஷத்தான் சந்தேகப்படணும். கேசரிக்குப் போடுற கலர் பவுடர் கொஞ்சம் ஃப்ளஷ் தொட்டியில கலந்துட்டு ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் விடுங்க, கீழ கிண்ணத்துல ஆரஞ்சு தெரிஞ்சா உள்ள ரப்பர் போச்சு. இந்த வழிய ஒரு அக்காகிட்ட சொன்னேன், கண்டுபிடிச்சிட்டு வந்து, மிச்சப் பவுடர்ல கேசரியே செஞ்சு குடுத்துட்டுப் போனாங்க.

தண்ணி வெட்டு வந்தா பம்ப் என்ன ஆகும்?

2024 ஜனவரியில சுங்கை டுவா பக்கம் வால்வு மாத்துறாங்கன்னு பினாங்கு பூரா தண்ணி நின்னுச்சே, அந்த வாரம் எங்க கடையில பம்புக்கு சீல் (தண்ணி கசியாம தடுக்கிற வளையம்) விக்கிற வேலையே பெரிய வேலையா இருந்துச்சு. கூரை டேங்கி காலியாகி, யாரோ குழாயத் திறந்து, பம்ப் ஆன் ஆகி, தண்ணி இல்லாம வெறும் காத்துல ஓடி, சீல் காஞ்சு போயிடுச்சு. பம்புக்குள்ள தண்ணிதான் குளிர்ச்சி, அது இல்லாம சில நிமிஷம் ஓடினாலே போதும்.

காப்பாத்த வழி, கூரை டேங்கிக்குள்ள ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு பம்போட கரண்ட் அது வழியா போகிற மாதிரி செய்யிறது, தண்ணி இறங்கினா பம்புக்கு கரண்ட் கட். இல்லாட்டி வெட்டுன்னு அறிவிப்பு வந்ததும் பம்ப் ஸ்விட்ச்ச அணைச்சிடுங்க, காசு செலவே இல்ல. தண்ணி திரும்பி வந்ததும் முதல்ல வர்ற செம்மண் கலர் தண்ணிய வாசல் குழாயில விட்டுட்டு, ஸ்ட்ரெய்னர கழுவிட்டு, பம்ப் தலையில இருக்கிற நட்டைத் தளர்த்தி காத்த வெளிய விட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

கரண்ட் போனா டேங்க்ல இருக்கிற தண்ணி போதுமா?

7 லிட்டர், முகம் கழுவலாம். ஆனா கூரை டேங்கியில தண்ணி இருக்கும்போது கரண்ட் இல்லன்னு உக்காந்திருக்க வேண்டியதில்ல. பம்புக்கு முன்னாடியும் டேங்க்குக்கு அப்புறமும் டீ போட்டு, நடுவுல ஒரு செக் வால்வு வச்சு ஒரு பைபாஸ் பைப் போட்டுட்டா, பம்ப் நின்னா பழையபடி கூரைத் தண்ணி தானா இறங்கி வரும், பம்ப் ஓடுறப்ப செக் வால்வு மூடிக்கும். தைப்பூசத்துக்கு முதல் நாள் வீடு நிறைய சொந்தக்காரங்க இருக்கிறப்ப பம்ப் மக்கர் பண்ணினாதான் இந்த பைப்போட அருமை தெரியும்.

டேங்க எங்க வைக்கறது? படுக்க வைக்கலாமா?

பக்கவாட்டுல கால் வச்சு வர்றது படுக்க வைக்கிறதுக்குத்தான் செஞ்சது, கால் இல்லாத சின்னத எப்படி வேணா மாட்டலாம், வாய் கீழ பாத்தா மண்ணு தங்காது. வெயில் நேரா படாத இடம், மழைச் சாரல் அடிக்காத இடம். கூரைக்குள்ள மரச் சட்டம் மேல வைக்காதீங்க, வெயிட் ஒரு பக்கம், சத்தம் படுக்கை அறைக்கு நேரா இறங்கும். பம்புக்குக் கீழ ரப்பர் ஷீட் போடுங்க.

இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு இந்த பிரஷர் ஆகுமா?

ஹீட்டர் உடம்புலயே அதிகபட்ச அழுத்தம் எழுதியிருக்கும், கண்ணாடி போட்டு படிங்க. உங்க ஆஃப் அழுத்தம் அதுக்குக் கீழ இருக்கணும். உள்ளயே பம்ப் இருக்கிற ஹீட்டர்னா அந்த பம்ப அணைச்சு வைங்க, ரெண்டு பம்ப் சேந்தா அழுத்தம் கூடிடும். ஆன் ஆஃப் நடுவுல இடைவெளி பெருசா இருந்தா ஹீட்டர் தண்ணி சூடாகி ஆறி சூடாகி வரும், டேங்க் வச்ச வீட்டுல இது சகஜம், இடைவெளிய 1 பாருக்குக் கொண்டு வந்தா கொஞ்சம் சரியாகும்.

வயரிங் நானே பண்ணிக்கலாமா?

பைப் வேலைய நீங்களே பாருங்க, ஒழுகினா துடைச்சுக்கலாம். கரண்ட் வேலைய லைசென்ஸ் இருக்கிற வயர்மேன்கிட்ட விடுங்க. பம்ப் ஈரத்துல நிக்கிற சாமான், எர்த் வயர் கட்டாயம், ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்) வேலை செய்யுதான்னு டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க. இடி மின்னல் அடிக்கிறப்ப பிளக்க எடுத்துடுங்க, நம்ம ஊர் இடி சும்மா இல்ல.

கொண்டோல போடலாமா அண்ணே? நாங்க பதினேழாவது மாடி.

முதல்ல மேனேஜ்மென்ட்கிட்ட கேளுங்க, அங்க தண்ணி லைன் உங்களோடது மட்டும் இல்ல. பெரும்பாலும் கொண்டோல மேல் மாடிகளுக்கு கட்டிடத்துக்கே பம்ப் இருக்கும், உங்க வீட்டுல தண்ணி மெதுவா வர்றது அடைச்சுப் போன ஃபில்டராலயோ பாதி மூடின வால்வாலயோ இருக்கும். அத பாத்துட்டு அப்புறம் கடைக்கு வாங்க.

இன்வெர்ட்டர் பம்புக்கு டேங்க் தேவையே இல்லங்கிறாங்க, உண்மையா?

பாதி உண்மை. இன்வெர்ட்டர் பம்ப் தண்ணி எவ்வளவு போகுதோ அதுக்குத் தக்க வேகத்த மாத்திக்கிட்டு அழுத்தத்த ஒரே அளவுல வைக்கும், அதனால பெரிய டேங்க் வேண்டாம். ஆனா குழாய் சொட்டுச் சொட்டா ஒழுகினா அதுவும் எழுந்து எழுந்து பாக்கும், அதுக்காக ஒரு சின்ன டேங்க் உள்ளயே வச்சோ வெளிய மாட்டச் சொல்லியோ குடுப்பாங்க.

இங்க காத்து விதி வேற, கவனிங்க. ஆன் அழுத்தத்துலருந்து 2 கழிக்கிற கணக்கு இதுக்கு இல்ல, செட் பண்ணின அழுத்தத்துல 70 சதவீதம். 3 பார்ல செட் பண்ணினா காத்து 2.1 பார். கையேட்டுல வேற நம்பர் போட்டிருந்தா கையேடு சொல்றத கேளுங்க, நான் சொன்னத விட்டுடுங்க. பழைய பம்ப்ல இருந்த 24 லிட்டர் டேங்க் வீணாப் போகுதேன்னு இதுலயும் மாட்டணும்னா மாட்டலாம், கெடுதல் இல்ல, காத்த மட்டும் புதுக் கணக்குக்கு மாத்திட்டு மாட்டுங்க.